மழைக்கு மூடாத கல்

என் அண்ணன் செங்கல் அறுக்கும் மெஷின் வாங்கிவிட்டேன் என்று வந்து சொன்னபோது நான் சந்தோஷப்பட்டேன் என்று எழுதினால் அது பொய். "யாரக் கேட்டு வாங்கினே?" என்று கத்தினேன். தொண்ணூறுகளின் கடைசி அது. கம்மாபுரம் பக்கம் எங்கள் நிலமும், நிலத்தோரம் அண்ணன் போட்டிருந்த செங்கல் சூளையும் நிலக்கரிச் சுரங்கத்துக்குப் போய்விட்டிருந்தன. கைக்கு வந்த நஷ்ட ஈட்டை அப்படியே கொண்டுபோய் ஒரு மெஷினிலும் தகரக் கொட்டகையிலும் போட்டுவிட்டு, என் வீட்டுக்காரருக்குச் சுரங்கக் கம்பெனி கொடுத்த குவார்ட்டர்ஸ் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே சாவகாசமாகச் சொல்கிறான்.

அதுவும் மண் செங்கல் இல்லை, சாம்பல் கல். அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சுகிற சாம்பலோடு சுண்ணாம்பு, ஜிப்சம், மணல் கலந்து அச்சில் அழுத்தி எடுக்கிற கல். சூளை வேண்டாம், விறகு வேண்டாம். எங்கள் பக்கத்தில் அதுவரை யாரும் செய்து நான் கேள்விப்பட்டதில்லை. இவன் எங்கேயோ மூன்று நாள் பயிற்சியில் உட்கார்ந்துவிட்டு, கையில் ஒரு அச்சடித்த தாளோடு வந்திருந்தான்.

"ஓடலன்னா என்ன பண்ணுவே?"

"ஓடலன்னா மைன்ஸ்ல கான்ட்ராக்ட்ல போயிட வேண்டியதுதான். நம்ம கொல்லையிலதான தோண்டிகினு இருக்காங்க. தெரிஞ்ச எடம்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. தான் உழுத நிலத்தில் தோண்டிய பள்ளத்துக்குள்ளேயே கூலியாளாக அவன் இறங்குவதை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியவில்லை. அந்த ஒரு பேச்சுக்காகத்தான் நான் இதில் தலையைக் கொடுத்தேன். கல் போடுவது அவன், விற்பது நான் என்று ஆயிற்று. ஒரு வருஷம் பார்க்கலாம், இல்லையென்றால் கான்ட்ராக்ட் என்றான்.

விற்பதற்கு ஏற்ற இடம் எங்கள் டவுன்ஷிப்தான் என்று நான் நினைத்ததில் தப்பில்லை. இங்கே யாருக்கும் சொந்த வீடு கிடையாது. முப்பது வருஷம் கம்பெனி குவார்ட்டர்ஸில் இருந்துவிட்டு, ரிட்டயர்மென்ட் நெருங்குகிறபோதுதான் எல்லோருக்கும் வீட்டு நினைப்பு வரும். பிளாக்குக்குப் பத்துப் பேராவது எங்கேயாவது ஒரு மனையை வாங்கிப்போட்டு பிளான் வரைந்துகொண்டிருப்பார்கள். ஒயர் கூடையில் இரண்டு கல்லை வைத்துக்கொண்டு, ஜெபமாலைக்கு வீடு வீடாகப் போகிற மாதிரி நான் கிளம்பினேன்.

முதல் வீட்டு அம்மாள் கல்லைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். "கல்யாணம் ஆயி வந்த நாள்லருந்து இந்தச் சாம்பலத் தொடச்சிகினு இருக்கேன். காயப்போட்ட துணியில சாம்பல், ஜன்னல்ல சாம்பல். ரிட்டயர் ஆயிப் போற எடத்துலயும் சாம்பல்லயே வூடு கட்டச் சொல்றியா?" என்றார். அவர் சொன்னது நியாயம். நானும் அதே சாம்பலைத் தினம் துடைக்கிறவள்தான்.

அடுத்த வீட்டில் சாஸ்திரம் பேசினார்கள். வீட்டுக்காரர் நெற்றி நிறையப் பட்டை போட்டுக்கொண்டு, "சாம்பல் நல்லதுக்கு ஆவாதும்மா, சுடுகாட்டுச் சமாச்சாரம்" என்றார். "நெத்தியில பூசியிருக்கறது என்னங்க? எங்களுக்கும் சாம்பல் புதன்னு ஒண்ணு இருக்கு, பூசிக்கினு வந்து சோறுதான் திங்கறோம்" என்று சொல்லிவிட்டேன். அவர் மனைவி உள்ளே சிரித்தார். கல் மட்டும் போகவில்லை.

மூன்றாவது ஆள் கல்லை இடுப்பு உயரத்திலிருந்து கீழே போட்டார், ஆணியால் கீறினார், வாளித் தண்ணீரில் போட்டு மறுநாள் வரச் சொன்னார். மறுநாள் போனால், "கல்லு நல்லாத்தான் இருக்கு, ஆனா செவப்பா வராதா?" என்றார். சிவப்பாக வராது என்றேன். வந்தால் சொல்லுங்கள் என்றார். இதைக் கேட்கவா ஒரு ராத்திரி முழுக்க வாளியில் ஊறவைத்தார் என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சாம்பிளுக்குக் கொடுத்த கற்கள் மட்டும் வீணாகவில்லை. பூந்தொட்டிக்கு அடியில், பீரோ காலுக்கு அடியில், ஆடுகிற துவைக்கிற கல்லுக்கு முட்டாக என்று எங்கள் பிளாக் முழுக்க அண்ணன் கல்தான் இருந்தது. ஆர்டர்தான் ஒன்றும் வரவில்லை.

கடைசியில் முதல் ஆர்டரைக் கொடுத்தது எங்கள் பங்குச் சாமியார். சர்ச் பள்ளிக்கூடத்துக்கு சைக்கிள் ஷெட் கட்ட வேண்டியிருந்தது. பூசைக்குப் பிறகு நான் கூடையோடு நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவருக்கே சலித்துவிட்டதோ என்னவோ, "சரி, ஒரு லோடு அனுப்பும்மா" என்றார். நான் அன்றைக்கே கொட்டகைக்குப் பஸ் ஏறினேன்.

இங்கேதான் நாங்கள் பண்ணிய காரியத்தைச் சொல்ல வேண்டும். சாம்பல் கல்லை நெருப்பு சுடுவதில்லை, தண்ணீர்தான் அதை இறுக்குகிறது. அச்சிலிருந்து எடுத்து ஓரிரு நாள் விட்டு, இரண்டு மூன்று வாரம் விடாமல் நனைக்க வேண்டும் என்று அந்தத் தாளில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. நான் அதை ஐந்து முறை வாசித்துக் காட்டியிருக்கிறேன். ஆனால் வேலை செய்தவர்கள் எல்லோரும் அண்ணனின் பழைய சூளை ஆட்கள். சுடாத பச்சைக்கல்லில் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் அது சேறு என்றே கை பழகினவர்கள். அண்ணன் நின்றால் பூவாளியால் கோயில் தீர்த்தம் மாதிரி தெளிப்பார்கள். அவன் நகர்ந்தால் கல்லை அழகாக வெயிலில் காயவைப்பார்கள். "எவ்ளோ தண்ணி ஊத்தறதுங்க, பாவமா இருக்குது, கரைஞ்சிடாதா?" என்று ஒரு அக்கா என்னிடமே கேட்டார்.

நான் போன அன்று மதியம் வானம் கருத்தது. முதல் தூறல் விழுந்ததும் கொட்டகையில் ஒருவர்கூட யோசிக்கவில்லை. "மழை, மழை" என்று ஆளுக்கொரு பக்கமாக ஓடி தார்ப்பாயை இழுத்து, ஓலைப் படலை எடுத்து, அத்தனை கல்லையும் மூடினார்கள். எல்லோருக்கும் முன்னால் ஓடினவன் என் அண்ணன். தார்ப்பாயின் ஒரு முனையைப் பிடித்து நனைந்துகொண்டே நின்றவள் நான். சூளைக்காரன் தங்கச்சிக்கு வேறு என்ன தெரியும்? மழை விட்டதும் ஒரு கல்கூட நனையவில்லை என்று எல்லோரும் சந்தோஷமாக டீ குடித்தோம்.

அந்த லோடுதான் சைக்கிள் ஷெட்டுக்குப் போனது. கொத்தனார் ஒன்றை எடுத்துக் கரணையால் தட்டினார். மூலை உதிர்ந்தது. இன்னொன்றை எடுத்து விரலால் நசுக்கினார், அதுவும் உதிர்ந்தது. "சாமி, இது கல்லு இல்ல, ரஸ்க்கு" என்றார். சுற்றி நின்ற வாத்தியார்கள் எல்லாம் சிரித்தார்கள். அண்ணன் மட்டும் குனிந்து உதிர்ந்ததை வாரிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தான். எனக்கு அந்தக் கொத்தனார் மேல் வந்த கோபத்தைவிட அந்தத் தார்ப்பாய் மேல் வந்த கோபம் பெரிது.

சாமியார் நல்லவர். "அடுத்த தடவ நல்லா நனைச்சிட்டுக் கொண்டாம்மா. ஷெட்டு எங்கயும் ஓடிடாது" என்றார். நான் பஸ் பிடித்து நேரே கொட்டகைக்குப் போய் அந்தத் தார்ப்பாயைச் சுருட்டி வீட்டுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். படல்களை அடுப்புக்குக் கொடுத்தேன். அடுத்த மழைக்கு அண்ணன் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கல் நனைவதைப் பார்த்தபடி நின்றானாம். அந்தக் கல் இறுகியது. சைக்கிள் ஷெட் சுவர் எழுந்தது.

இனிமேல் வேலை சுலபம் என்று நினைத்தேன். நினைப்புதான். "சைக்கிளுக்குச் சரிங்க, மனுஷனுக்கு?" என்று கேட்டார்கள். யாராவது ஒருத்தர் வீடு கட்டட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்று பத்து வீட்டில் பத்துப் பேரும் சொன்னார்கள். அந்த ஒருத்தராக இருக்க மட்டும் ஒருத்தரும் தயாராக இல்லை. அப்புறம் எல்லோரும் ஒரே கேள்வியில் வந்து நின்றார்கள்: "நீங்களும் மேல்பட்டாம்பாக்கத்துல மனை வாங்கியிருக்கீங்களே, நீங்க எதுல கட்டப் போறீங்க?"

"இதுலதான்" என்பேன், கூடையைத் தட்டி. எத்தனை வீட்டில் சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை.

மேல்பட்டாம்பாக்கம் என் வீட்டுக்காரரின் ஊர். அவர் மைன்ஸில் பெர்மனென்ட், ரிட்டயர் ஆகக் கொஞ்ச வருஷம்தான் பாக்கி. ஃபர்ஸ்ட் ஷிப்டுக்குக் கிளம்புகிற ஒரு காலையில் டீயை ஆற்றிக்கொண்டே, "சூளைக் கல்லுக்குச் சொல்லிட்டேன். செவப்புக் கல்லுதான். ஒரு தடவ கட்டற வூடு, அதுல போய் சோதனை பண்ணிப் பாக்க முடியாது" என்றார். ஊரெல்லாம் வாய் கிழியப் பேசின நான் டிபன் பாக்ஸை மூடிக் கொடுத்தேன். அவர் என்னை மீறிச் செய்யவில்லை. எனக்கும் அதே பயம் இருந்தது. விரலால் நசுங்கின அந்தக் கல்லை நான் மறக்கவில்லை. இவ்வளவுக்குப் பிறகும் அன்று வியாபாரத்துக்குப் போனேன், "இதுலதான்" என்றும் சொன்னேன். வெட்கம் கெட்ட பிழைப்பு.

லோடு இறங்கின அன்று அண்ணன் மனைக்கு வந்துவிட்டான். அஸ்திவாரத்துக்கு அளவு எடுக்க வா என்று என்றைக்கோ நான்தான் சொல்லியிருந்தேன், மறந்துபோனேன். மொபெட்டை நிறுத்திவிட்டு லாரியைப் பார்த்தான். பாதி லோடு இறங்கியிருந்தது, நல்ல ரத்தச் சிவப்பு. அவன் கேட்கப் போகிற கேள்விக்கு நான் பொய் தேடிக்கொண்டிருந்தேன்.

அவன் இரண்டு கல்லை எடுத்து ஒன்றோடொன்று தட்டினான். கணீரென்றது. "நல்லா வெந்திருக்குது பாப்பா. எந்தச் சூளை?" என்றான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, லாரியிலிருந்து நான்கு நான்காக வாங்கி அடுக்க ஆரம்பித்தான். சூளைக்காரன் அடுக்கு, நூல் பிடித்த மாதிரி. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நானும் பதிலுக்குத் திட்டித் தப்பித்திருப்பேன். அவன் அடுக்கிக்கொண்டே இருந்தான். சொன்ன ஒரு வருஷத்தில் அப்போது இரண்டு மாதம்தான் மிச்சம்.

"நிறுத்துங்க. எறக்கினதத் திருப்பி ஏத்துங்க" என்றேன் டிரைவரிடம்.

"என்னம்மா, வெளையாடறீங்களா?" என்றார் அவர். என் வீட்டுக்காரர், "உனக்குப் பைத்தியமா?" என்றார்.

"ஆமாம். ஊர் பூரா எங்கண்ணன் கல்லுலதான் கட்டப் போறேன்னு பொய் சொல்லிகினு திரிஞ்சவ பைத்தியம்தான்."

அண்ணன் கையில் இருந்த கல்லைக் கீழே வைத்தான். "வேணாம் பாப்பா. நம்பிக்க இல்லாம கட்டாத. பின்னால என்னத்தான் கொற சொல்லுவே."

"நம்பிக்க இருக்குதுன்னு எவ சொன்னா? பயமாத்தான் இருக்குது. அதப் பத்தி உனக்கென்ன? உன் கல்லக் கொண்டாந்து எறக்கு" என்று கத்தினேன். கத்தும்போதே அழுகை வந்துவிட்டது. அதற்கும் சேர்த்து அவன்மேல்தான் எரிந்து விழுந்தேன்.

வீடு எழுந்தது. என் வீட்டுக்காரர் மூன்று மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. முன்சுவரைப் பூசாமல் விடச் சொன்னேன். வருகிறவர்கள் கல்லைப் பார்க்க வேண்டுமே. வந்தார்கள். டவுன்ஷிப்பிலிருந்து பஸ் ஏறி வந்து ஆணியால் கீறினார்கள், தட்டினார்கள், காதை வைத்துக் கேட்டார்கள். அந்தக் கீறல்கள் இன்னும் இருக்கின்றன. முதலில் என்னை விரட்டின அம்மாளும் வந்தார். சுவரில் விரலை இழுத்து, விரலில் சாம்பல் ஒட்டுகிறதா என்று பார்த்துவிட்டு, தன் வீட்டுக்காரரிடம் ஏதோ சொன்னார். அடுத்த வாரம் ஆர்டர் கொடுத்தார்கள். அண்ணன் பள்ளத்துக்குள் இறங்கவில்லை. பிறகு இரண்டாவது மெஷினும் போட்டான்.

நாங்கள் இந்த வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகிவிட்டன. சுவர் ஒன்றும் ஆகவில்லை, ஆகப்போவதும் இல்லை. ஆனாலும் மழை வலுத்தால் நான் முன்பக்கம் போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்க்கிறேன். வீட்டுக்காரர் பார்த்தால் தூசி தட்டுகிற மாதிரி தட்டிவிட்டு வந்துவிடுவேன். இத்தனை பேருக்கு விற்ற வாய், அதையெல்லாம் வெளியே சொல்லிக்கொள்ள முடியாது.

போன ஐப்பசியில் அண்ணன் நல்ல மழையில் வந்தான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குடையை மடக்கவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. நேரே சுவரோரம் போய், கீழ் வரிசைக் கல்லைக் குனிந்து விரலால் அழுத்திப் பார்த்தான். அக்கம்பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னொரு கல்லையும் அழுத்திப் பார்த்தான். நான் சத்தமில்லாமல் உள்ளே போய் டீ போட்டேன்.