ராத்தாவுக்கு எடுத்த இருக்கை

காலை 6.10. கொழும்பிலிருந்து எட்டு மணி நேரம் ஓடிய பேருந்து என்னைக் கல்முனையில் இறக்கிவிட்டது. அங்கிருந்து மருதமுனைக்கு நாலு கிலோமீற்றர். முச்சக்கர வண்டிக்கு நானூறு ரூபாய்.

"லண்டன்லருந்தா வாறீங்க? பிளேன்ல கட்டில் போட்டுக் குடுப்பாங்களாமே, மெய்தானா?" என்றார் சாரதி.

"ஆரு சொன்ன?"

"ஒங்கட மச்சான்தான். ஊரெல்லாம் அந்தக் கதைதான்."

மச்சான் என்பது என் ராத்தாவின், மூத்த சகோதரியின், கணவர். அவர் சொன்னது உண்மைதான். வணிக வகுப்பில் இருக்கையை முழுவதும் சாய்த்தால் படுக்கையாகிவிடும். அதன் விலை என் சம்பளத்துக்கு எட்டாது. நாலு வருடமாக வீட்டுச் சாமான், ரயில், அலுவலகப் பயணம் எல்லாவற்றையும் விமான நிறுவனத்தின் அட்டையிலேயே செலுத்திப் புள்ளி சேர்த்தேன். பணத்துக்குப் பதில் புள்ளிக்குத் தரும் இருக்கைகள் சில, புறப்பட இரண்டு வாரம் இருக்கும்போது திறக்கும். ராத்தாவை லண்டனுக்குக் கூட்டிப்போக எனக்குக் கிடைத்தவை அப்படித் திறந்த இரண்டு. வரியை மட்டும் தனியாகக் கட்ட வேண்டும்.

ராத்தாவுக்கு முதுகெலும்பில் புற்றுநோய். உட்கார முடியாது; படுக்கலாம். ஒரே மகன் றிம்சான் லண்டனில் படிக்கிறான். வீசா நீடிப்புக்கு விண்ணப்பித்திருக்கிறான். முடிவு வருமுன் நாட்டைவிட்டு வெளியேறினால் விண்ணப்பம் இரத்தாகிவிடும். அதனால் உம்மாவான ராத்தாதான் மகனிடம் போக வேண்டும். ராத்தாவின் வீசா கையில் இருந்தது. படுத்தபடி போகலாம் என்று வைத்தியரும் எழுதிக் கொடுத்திருந்தார். என் பட்டியலில் பதினேழு விடயங்கள். எல்லாவற்றுக்கும் சரி போட்டிருந்தேன்.

காலை 7.00. இருக்கையின் படத்தைக் கைப்பேசியில் காட்டினேன். ராத்தா வெகுநேரம் பார்த்தார்.

"ஏறக்குள்ளயும் இப்பிடிப் படுத்திரிக்கலாமா புள்ள?"

முடியாது. விமானம் மேலேறும்போதும் கீழிறங்கும்போதும் இருக்கையை நிமிர்த்திப் பட்டி போட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அரை மணி நேரம். இயந்திரங்களுக்குச் சரிபார்ப்புப் பட்டியல் எழுதுவதே என் தொழில். என் பட்டியலில் இதை நான் எழுதவில்லை.

அன்றே ராத்தா உட்காரப் பயிற்சி தொடங்கினோம். பிளாஸ்டிக் கதிரை, மச்சானின் இடுப்புப் பட்டி, என் கைப்பேசியின் கடிகாரம். மச்சான் பின்னால் பிடித்துக்கொண்டார்.

"ஆட்டாதீங்க. நீங்க பைலட் இல்ல" என்றார் ராத்தா.

முதல் நாள் ஒன்பது நிமிடம். இரண்டாம் நாள் பதினான்கு. மூன்றாம் நாள் பத்தொன்பது. ராத்தா கடித்திருந்த கீழுதட்டில் இரத்தம் வந்திருந்தது.

"நிப்பாட்டு புள்ள. இன்னொருக்கா இறங்கவும் வேணுமே."

"இன்னும் ரெண்டு நாள் கிடக்கு ராத்தா."

"கான்சல் பண்ணு. எனக்கு ஏலாமப் பெயித்தெண்டு மகன்ட்ட சொல்லிராத. எல்லாத்தையும் போட்டுட்டு ஓடி வந்திருவான். புள்ளி பத்தல்லண்டு சொல்லு."

"பொய் சொல்லவா?"

"ஓம். ஒன்ட பட்டியல்ல அதையும் எழுது."

மச்சான் கதிரையை வெளியே கொண்டுபோனார். திரும்பி உள்ளே வர அவருக்கு வெகுநேரமாயிற்று.

கட்டுநாயக்க விமான நிலையம், பிற்பகல் 1.15. விமானத்தின் கதவை மூடியதிலிருந்து இருக்கையைச் சாய்க்க அனுமதித்தது வரை முப்பத்தொரு நிமிடம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தாவுக்கு எடுத்த இருக்கையில் ஒரு வயோதிபர் சப்பாத்தைக் கழற்றி, காலை நீட்டி, உடனே உறங்கிவிட்டார். மெத்தை, போர்வை, இரண்டு தலையணை. நானும் படுத்தேன். பதினொரு மணி நேரம் எனக்கு எங்கும் வலிக்கவில்லை.

லண்டனில் இரவு எட்டு மணி. விமான நிலைய வாசலில் றிம்சான் தன் சின்னம்மாவுக்காகத் தனியாக நின்றான்.

"சாச்சி, உம்மாக்கு எத்தின புள்ளி குறைஞ்ச?"

"கொஞ்சம்தான்."

"நானும் ஒரு கணக்குத் திறக்கட்டா? ரெண்டு பேரும் சேத்தாக் கெதியாச் சேருமே."

ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த அட்டை, எந்தக் கடை, எந்த மாதம் என்று ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தேன். அவன் கவனமாக எழுதிக்கொண்டான்.