ஆர்டர் வந்தும் தீராத கவலை

என் கணவர் நெய்வேலி சுரங்கத்தில் கான்ட்ராக்ட் தொழிலாளி. இரண்டு மாதமாகச் சாப்பாடு, தூக்கம், பேச்சு எதுவும் சரியில்லை. "பர்மனென்ட் ஆகாத கவலைதான். ஆர்டர் வந்தா சரியாயிடுவாரு" என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் காத்திருந்தேன்.

ஆர்டர் வந்தது. தெரு முழுக்க லட்டு கொடுத்துவிட்டு வந்தால், அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். "நான் இல்லன்னா நீயும் புள்ளைங்களும் நிம்மதியா இருப்பீங்க" என்றார். வெறும் கவலையென்றால் இந்நேரம் தீர்ந்திருக்க வேண்டுமே!

அன்றே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மனச்சோர்வு நோய், இரண்டு வாரம் இப்படி இருந்தாலே வந்திருக்க வேண்டும் என்று சொல்லிச் சிகிச்சை தொடங்கினார்.

"பைத்தியக்கார டாக்டர்கிட்டயா எங்கண்ணன கூட்டிகினு போற?" என்று நாத்தனார் கத்தினாள்.

"ஆமா, இன்னும் போவேன்" என்றேன்.

இப்போது தேறி ஷிப்டுக்குப் போகிறார். எங்கள் தெருவில் யாராவது இரண்டு வாரம் இப்படிச் சுருண்டு கிடந்தால், காரணம் தீரட்டும் என்று காத்திருக்க விடமாட்டேன். நானே டாக்டரிடம் கூட்டிப்போவேன். லட்டு அப்புறம் கொடுத்துக்கொள்ளலாம்.