குமிழி நடுவில் நிற்கும் வரை

வெல்டாவை யாராவது "பாவம், சாதுவான பொம்பள" என்று சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அமெரிக்காவின் ஒரிகன் கடற்கரையில், வீட்டு வண்டிகளை நிறுத்தி அதிலேயே குடியிருக்கும் எங்கள் வண்டிப்பேட்டையில், அவளுக்கு அடுத்த இடத்தில் இருப்பவன் நான். பள்ளிக்கூடத்தில் சமைத்து ஓய்வு பெற்றவள். கணவன் இறந்ததும் வீட்டை விற்றுவிட்டு, வீட்டு வண்டியோடு இங்கே வந்தாள். யாருக்குக் காய்ச்சல் என்றாலும் சூப் கொண்டுபோய்க் கொடுப்பாள். ஆனால் மனதில் ஒன்றை வைத்துக்கொண்டால் வைத்துக்கொண்டதுதான்.

எங்கள் வண்டிகளில் பொத்தானை அழுத்தினால் படுக்கையறை, மேசையின் இழுப்பறையைப்போல, வெளியே நீளும். கிளம்பும்போது மறுபடி உள்ளே இழுத்துக்கொள்வோம். அந்த அறையின் கூரை தட்டை. இங்கே மழை அக்டோபரில் பிடித்தால் மே வரை விடாது. ஊசியிலைகள் விழுந்து அடைத்து, கூரையில் தண்ணீர் குளமாக நிற்கும். அப்படியே உள்ளே இழுத்தால் சருகு, விளிம்பில் தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் பட்டையைத் தூக்கிவிடும், குளம் முழுவதும் மெத்தையில் இறங்கும். அதனால் யார் கிளம்பினாலும் அக்கம்பக்கத்தில் ஒருவர் ஏணி போட்டு ஏறி, கூரையைக் கூட்டி, "காஞ்சிருச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். அதன் பிறகுதான் பொத்தான். நீள ஏணி வெல்டாவிடம் மட்டுமே இருந்தது.

போன வருஷம் அவள் முழங்கால் அறுவைக்கு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேட்டை மேலாளர் டாய்ல் கடலைப் பார்த்தபடி இருந்த அவள் இடத்தைத் தனக்கு எடுத்துக்கொண்டான். அவள் வண்டியைப் பின்வரிசைக்கு, என் பக்கத்துக்கு, ஓட்டிவந்து விட்டான். கூரையைக் கூட்டாமலே அறையை உள்ளே இழுத்திருக்கிறான். அன்று நான் ஊரில் இல்லை. அவள் திரும்பி வந்து கதவைத் திறந்தபோது மெத்தை முழுக்கப் பூஞ்சணம். குளிர்காலங்களில் கையால் தைத்த போர்வைகளெல்லாம் குப்பைக்குப் போயின. தரைப்பலகை உப்பி, கால் வைத்தால் அமுங்கியது.

"மழைம்மா வெல்டா. மழைக்கு யாரு என்ன பண்ண முடியும்?" என்றான் டாய்ல், பல் குத்திக்கொண்டே. அந்தப் பல்லைப் பிடுங்கிக் கையில் கொடுக்க வேண்டும்போல் இருந்தது எனக்கு.

இந்த வருஷம் டாய்ல் புது வண்டி வாங்கினான். தானாக மட்டம் பார்த்து நிற்கும் கால்கள் அதற்கு. விவரம் தெரிந்தவர்கள் அறை நீளும் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்தி நிறுத்துவோம், தண்ணீர் ஓடிவிடும். டாய்லுக்கோ கோலி வைத்தால் உருளக்கூடாது. வெல்டா தினமும் காபியோடு போய் அவன் வாசற்படியில், குமிழி ஓடும் ரசமட்டத்தை வைப்பாள்.

"ஏப்பா டாய்ல், குமிழி அப்படியே நடுவுல நிக்குது! இந்தப் பேட்டையில வேற யாருக்கு இது வரும்?"

அவனுக்குத் தலைகால் புரியாது. எனக்கோ பொறுக்கவில்லை, அவள் திரும்பி வந்ததும் கேட்டேன்.

"அவனுக்குப் போய் ஜால்ரா அடிக்கிறீங்களே, வெட்கமா இல்ல?"

"மட்டமா நின்னாத்தானே தண்ணி எங்கயும் ஓடாது," என்றாள் சூப்பைக் கிண்டிக்கொண்டே.

நவம்பர் காற்றில் அவன் அறைக் கூரைமேல் மழைக்காகப் போர்த்தியிருந்த தார்ப்பாய் கிழிந்து போனது. "குளிர்காலத்துக்கு அரிசோனா போறேன், அங்க மழையே கிடையாது, எதுக்குத் துணி?" என்று விட்டுவிட்டான்.

அரிசோனாவுக்குக் கிளம்பிய அன்று காலை வழியனுப்ப எல்லாரும் மழைக்கோட்டோடு கூடினோம். வெல்டா மட்டும் நாற்காலியை விட்டு எழவில்லை. மடியில் துடைப்பம், பக்கத்தில் ஏணி. டாய்ல் அதைப் பார்த்தான்.

"இது புது வண்டிம்மா. உங்க பழைய டப்பா மாதிரி ஒழுகாது."

நான் வாயைத் திறந்தேன்.

"குளிர்காத்து போகப்போகுது, மூடுங்க," என்றாள் வெல்டா. மூடினேன். சந்தோஷமாகவே மூடினேன்.

டாய்ல் உள்ளே போய்ப் பொத்தானை அழுத்தினான். அறை பாதி உள்ளே போயிருக்கும், டாய்லின் அலறல் கேட்டது. மெத்தை, சோபா, பெரிய டிவி என்று எல்லாவற்றின் மேலும் கறுப்புத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. பாதியில் நிறுத்திவிட்டான். மீதிக் குளம் இன்னும் கூரையில் நின்றது. அதைக் கூட்டித் தள்ளாமல் அறையை அசைக்கவே முடியாது.

சொட்டச்சொட்ட இறங்கி வந்தான். "வெல்டா... ஏணி."

"எடுத்துக்கோப்பா. எனக்குத்தான் முழங்கால் சரியில்ல."

அவன் உச்சிக்கு ஏறியதும் சேற்றில் ஏணி வழுக்கியது. வெல்டா விருட்டென்று எழுந்துபோய் இரண்டு கையாலும் பிடித்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். விட்டுவிடப் போகிறாள் என்றே நினைத்தேன். விடவில்லை. அவன் கடைசிச் சருகைத் தள்ளி இறங்கும் வரை பற்களைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தாள்.

"மழைப்பா டாய்ல்," என்றாள். "மழைக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

பிறகு தனியாகக் கேட்டேன். "கையை விட்டிருந்தா ஒரேயடியா முடிஞ்சிருக்குமே?"

"விழுந்தா ஆஸ்பத்திரியில சுகமா படுத்துக்குவான். அவன் அந்த வண்டிக்குள்ளயே படுக்கணும். அந்த நாத்தம் மூக்குல ஏறணும். நடக்குறப்ப தரை அமுங்கணும்."

உள்ளே எல்லாம் ஊறிப்போனதால் டாய்ல் அரிசோனா போகவில்லை. வெல்டா இப்போதும் தினமும் காலையில் காபியோடு அவனிடம் போகிறாள். ரசமட்டத்தை இப்போது வாசற்படியில் வைப்பதில்லை, உள்ளே போய்ப் படுக்கையறைத் தரையில் வைக்கிறாள். நேற்றுத் திரும்பி வரும்போது முகமெல்லாம் சிரிப்பு.

"குமிழி நகர ஆரம்பிச்சிருச்சு," என்றாள்.