மாமா வைத்த ஆயுதம்

பிள்ளைகளா, புவனகிரித் தாத்தா வீட்டுச் சாமி அலமாரியில் மஞ்சள் நிறத்தில் ஒரு காதுமூடி இருக்கிறதே, அது சாமி காதில் மாட்டவா என்று கேட்டுச் சிரித்தீர்கள். சொல்கிறேன். அந்தத் தாத்தா எனக்குத் தாய்மாமன்.

அப்போது நாங்கள் திருப்பாதிரிப்புலியூரில் இருந்தோம். மாமாவுக்கு வெளியூரில் துப்பாக்கி செய்யும் தொழிற்சாலையில் வேலை. செய்து முடித்த துப்பாக்கிகளைச் சுட்டுப் பார்ப்பது அவர் பொறுப்பு. ஆயுத பூஜைக்குத் தவறாமல் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். "ஊரெல்லாம் ஸ்பேனரையும் சுத்தியலையும் வெச்சிக் கும்புடுறாங்க. நம்ம வீட்லதான் நெஜமான ஆயுத பூஜை" என்று அப்பா பெருமை பேசுவார். அப்பா சிப்காட்டில் ஃபிட்டர். அவர் வைப்பதும் ஸ்பேனர்தான்.

அந்த வருடம் மாமாவின் பையிலிருந்து துப்பாக்கி வரும் என்று காத்திருந்தேன். வந்தது இந்தக் காதுமூடி. அதற்குச் சந்தனம் குங்குமம் இட்டு, ஸ்பேனருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"துப்பாக்கி எங்க மாமா?"

மாமா பாட்டுக்குக் குங்குமச் சிமிழை மூடிக்கொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து இழுத்து மறுபடியும் கேட்டேன்.

"அத ஃபேக்டரி கேட்டத் தாண்ட வுட மாட்டாங்க மாப்ள. நம்முளுது இதான். இதயே வேலைக்குச் சேந்து ரொம்ப வருசம் பொறுத்துத்தான் குடுத்தாங்க."

அன்று சாயங்காலம் மாமாவைப் பார்க்கச் சிதம்பரத்திலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்ததில் அம்மாவுக்கு உள்ளூர நடுக்கம். மாமா என்னைத் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். "யாரு எது கேட்டாலும் என் தொடையத் தட்டு. வெளிய தெரியக் கூடாது." எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது. பெண்ணின் அப்பா கேட்பார். நான் தட்டுவேன். மாமா அவர் வாயையே பார்த்திருந்து பதில் சொல்வார்.

"சுடறப்ப பயமா இருக்காதா தம்பி?"

"பழகிடுச்சிங்க."

அந்த நேரம் பார்த்து, ஜன்னலுக்கு வெளியே ஆட்டோ ஸ்டாண்டில் பூசணிக்காய் உடைத்துச் சரவெடியைக் கொளுத்தினார்கள். பெண்ணின் அப்பா காபியை வேட்டியில் கொட்டிக்கொண்டார். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டதில் தட்ட மறந்துபோனேன். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்த மாமா மட்டும் நிதானமாகக் காபியை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"ஆளு அசையிறாரா பாருங்க! இந்த தைரியம் யாருக்கு வரும்?" என்று பெண்ணின் அப்பா அசந்துபோனார். ஈர வேட்டியோடு அங்கேயே நிச்சயத்துக்கு நாள் கேட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்பா யாரையும் பார்க்காமல் ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல சேதி வந்த நேரத்தில் இவர்களுக்கு என்ன ஆயிற்று என்று எனக்குப் புரியவில்லை.

மாமாவின் காது அந்த வேலையில் போய்விட்டது என்று நான் வளர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். அத்தை கல்யாணமான மறுநாளே கண்டுபிடித்துவிட்டாராம். "தைரியசாலின்னு எங்கப்பா வேட்டிய நனச்சிக்கினு வந்தாரே!" என்று இன்றும் கேலி செய்வார். அதையும் மாமாவுக்கு நேர் எதிரே போய் நின்றுதான் சொல்வார்.

அன்றைக்கு எனக்கு அது வீரமாகத்தான் பட்டது. எல்லோரும் கிளம்பிய பிறகு தோட்டத்துப் பக்கம் தனியாகப் போனேன். (நீங்கள் யாரும் இதைச் செய்யக் கூடாது.) ஒரு வெடியை ஊதுவத்தியால் பற்றவைத்துவிட்டு, மாமாவைப் போலவே முதுகைத் திருப்பிக்கொண்டு, காலி டம்ளரில் இல்லாத காபியை ஆற்றினேன்.

வெடித்தது. டம்ளர் ஒரு பக்கம் போனது, நான் ஒரு பக்கம் போனேன்.

நமக்கு அந்த தைரியம் வராது என்று வருத்தத்தோடு டம்ளரை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன்.