தானாப் பாஞ்சாளா, பாய்ச்சுனாவளா?

விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் ஆட்டுப் புழுக்கையும் சேர்ந்து வெயிலில் காய்கிற வாசனை...

எண்பதுகளின் தொடக்கம். ஒரு வெள்ளிக்கிழமை உச்சி வேளை. பசுவந்தனை போகிற வழியில், வெடித்துக் கிடந்த கரிசலின் நடுவே, ஆள் உயரக் கல் ஒன்றின் பின்னால் குத்தவைத்திருந்தேன். சிரிப்பை அடக்க வாயில் தாவணி.

கோவில்பட்டியில் பி.ஏ. இரண்டாம் வருடம். "நம்ம பக்கம் ஆறு வரல, அதான் வரலாறு படிக்கோம்" என்று சொல்லித் திரிந்த வாய் என்னுடையது.

பாளையக்காரர் காலம் என்று ஒரு பேப்பர். பக்கம் பக்கமாகக் கோட்டை, வாள், குதிரை. பெண்கள் எங்கே என்று தேடினால் ஒரே ஒரு வரி: போரில் கணவன் இறந்ததும் மனைவி தீப்பாய்ந்தாள், ஊரார் கல் நட்டு, தீப்பாஞ்சம்மன் என்று கும்பிட்டார்கள்.

நான் சும்மா இருப்பேனா? எழுந்து நின்று, "மேடம், அவ தானாப் பாஞ்சாளா, பாய்ச்சுனாவளா?" என்றேன். வகுப்பே சிரித்தது.

மேடம் சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. அந்தக் கல்லைப் போய்ப் பார்த்து எழுதிட்டு வா."

அப்படித்தான் தோழி பேச்சியோடு பஸ் ஏறினேன். உச்சி வேளையில் பெண்கள் தனியே வந்து கல்லில் காது வைத்துக் கேட்டால் அம்மன் பதில் சொல்வாள் என்று பஸ்ஸில் ஒரு அக்கா சொன்னாள். எனக்கு இது போதாதா? பேச்சி தண்ணீர் வாங்க ஊருக்குள் போன நேரம் பார்த்து ஒளிந்துகொண்டேன்.

காலடிச் சத்தம். குரலைக் கனமாக்கி, "ஏட்டி... என்ன வேணும் உனக்கு?" என்றேன்.

"வந்திட்டியா தாயீ..."

பேச்சியின் குரல் இல்லை. கல்லின் ஓரமாக ஒரு தொரட்டிக் கம்பு தெரிந்தது. சுற்றிலும் ஆடுகள்.

"எங்க அக்கா ஸ்டவ் வெடிச்சுச் செத்தாள்லா... இப்பம் அந்த மச்சானுக்கே என்னையக் கெட்டி வைக்கப் போறாவ. நீயும் தீயில வெந்தவ, உனக்குத் தெரியும். அக்கா தானாப் பாஞ்சாளா? பாய்ச்சுனாவளா?"

வாயோரம் இருந்த தாவணி நழுவி விழுந்தது. வகுப்பில் நான் விளையாட்டுக்குக் கேட்ட அதே வார்த்தைகள்...

"நீ பேசலேன்னா, அந்த வீட்டுக்குப் போன்னு எடுத்துக்கிடுதேன் தாயீ."

கல்லின் அந்தப் பக்கம் அவள் காது. இந்தப் பக்கம் என் கன்னம். அத்தனை வெயிலிலும் கல் சில்லென்று இருந்தது.

"போவாத," என்றேன். நடிப்புக் குரல் எங்கோ போய்விட்டது. ஒரே ஒரு தடவைதான் சொன்னேன்.

ஆடுகள் எல்லாம் ஒன்றாகத் தலை தூக்கின. அவள் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போனாள்.

பேச்சி செம்போடு வெளிறிப்போய் நின்றாள். "ஏட்டி, மொதத் தடவ ‘போவாத’ன்னு சொன்னது சரி. ரெண்டாம் தடவ எதுக்கு அழுதுகிட்டே சொன்ன?"

கட்டுரையில் கல்லின் உயரத்தையும், அதில் செதுக்கியிருந்த வளையல் கையையும் மட்டும் எழுதினேன். "முடிவு எங்கே?" என்றார் மேடம்.

"ஆதாரம் இல்ல மேடம்."

நாலைந்து மாதம் கழித்து கோவில்பட்டி பஸ் ஸ்டாண்ட். தீப்பெட்டி ஆபீஸ் விட்டு வந்த பெண்கள் கூட்டத்தில் அந்தக் குரல். முகம் பார்த்ததில்லை, குரல் தெரிந்தது.

"எங்க அம்மன் வேண்டாம்னுட்டாள்லா... பெறவு எங்க அய்யா கல்யாணத்தப் பத்தி மூச்சு விடலியே!"

கழுத்தில் தாலி இல்லை. என்னைப் பார்த்து, "பசுவந்தனை பஸ் போயிட்டாக்கா?" என்றாள். தலையை மட்டும் ஆட்டினேன். வாய் திறந்தால் கண்டுபிடித்துவிடுவாளோ என்று பயம்.

போன மாதம் அந்த வழியே காரில் போனேன். கல்லைச் சுற்றி டைல்ஸ், கம்பிக் கேட், பூட்டு. இப்போதெல்லாம் கேட்டுக்கு வெளியே நின்றுதான் கேட்க வேண்டும்!

அதே உச்சி வெயில். ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டு ஒரு பெண், கம்பியில் நெற்றி பதித்து நின்றாள்.

பத்தொன்பது வயதில் யோசிக்காமல் பதில் சொன்னவள் நான். இப்போது காரை விட்டு இறங்கவே கால் வரவில்லை...

அவள் தன் கேள்வியைக் கேட்டு முடித்துவிட்டாள் போல. நின்றபடியே மெல்ல 'ம்' கொட்டிக்கொண்டிருந்தாள்.