அண்ணையின் வரவு

என் அறைக் கதவின் பின்னால் ஒரு பழுப்புநிறக் குளிர்கோட்டு தொங்குகிறது. எனக்குக் கொஞ்சம் பெரியது. இந்த லாசால் பகுதியில் எனக்கு மேல்மாடியில் குடியிருந்த அண்ணை தந்தது. அவர் அதை வெளியே போட்டதைவிட வீட்டுக்குள் போட்டதுதான் அதிகம். கைகளை முழங்கை வரை மடித்துவிட்டு, கோட்டோடு உட்கார்ந்து சோறும் பருப்பும் குழைத்துச் சாப்பிடுவார். மார்கழியிலும் அவர் வீட்டு ஹீற்றர் அணைந்தே கிடக்கும்.

அண்ணை ஒரு மூலைக்கடை வைத்திருந்தவர். 'கிரெடிட் இல்லை' என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டிவிட்டு, அந்த மட்டைக்குக் கீழே நின்றே மூன்று மொழிக்காரருக்கும் கடன் கொடுத்தார். கடை போனது; மொத்த வியாபாரிகளின் கடன் தலையில் நின்றது. பொதி கட்டும் இடமொன்றில் அரைநேர வேலை செய்துகொண்டே, திவாலானவர் என்று வங்குரோத்துக்குப் பதிந்தார். பிரெஞ்சு விளங்கப்படுத்த என்னைக் கூட்டிப்போனார். நான் பத்திரிகைக்கு நகைச்சுவை எழுதுகிறவன். சட்டமும் தெரியும் என்று எப்படியோ நம்பிவிட்டார்.

அவருடைய கடன்களைப் பொறுப்பெடுத்த அலுவலகப் பெண் நிதானமாகத்தான் சொன்னாள்: வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் தவணையாக அனுப்புகிற 'கிரெடி'யில் கடன் கொடுத்தவர்கள் கைவைக்க முடியாது, அது உங்களோடேயே இருக்கும். கிரெடிட்டைப் பிரெஞ்சில் சொல்கிற அந்த ஒரு சொல் மட்டும் அண்ணைக்கு மொழிபெயர்ப்பு இல்லாமலே விளங்கிவிட்டது. அதுதான் வினை.

"கேட்டனீரே தம்பி, எல்லாக் கடனும் போகுது, கவுண்மேந்தின்ரை கடன் மட்டும் என்னோடை நிக்குமாம்."

நான் திருத்தினேன். வரிச்சலுகை என்றேன். வரி நிவாரணம் என்றேன். படித்ததெல்லாம் உதவிக்கு வர, ஈட்டுதவி என்றும் சொன்னேன்.

"உம்மடை தமிழுக்கு இன்னொரு மொழிபெயர்ப்பாளர் வேணும். கிரெடிட் எண்டால் என்னெண்டு கடை வச்ச எனக்குத் தெரியாதே?"

வங்கிக்கு வந்த பணத்தை அவர் தொடவில்லை. பேந்து அரசாங்கம் திருப்பிக் கேட்குமாம். இன்னொருமுறை முறிய அவரிடம் தெம்பில்லையாம். தை மாதம் அவருடைய இருமல் கூரையைத் துளைத்துக்கொண்டு கீழே வந்தது. நான் சூட்டில் படுத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன். தனிக்கட்டைக்கு, இன்னொருவரின் இருமலுக்குக் காதுகொடுப்பதும் ஒருவகைக் குடும்ப வாழ்க்கைதான்.

ஒருநாள் பொறுக்கமுடியாமல் மேலே போனேன். அண்ணை கோட்டோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணை, இது கடனில்லை. வரவு."

குழைத்த கை நின்றது. "கடைக் கணக்கிலை எழுதிற வரவோ?"

"ஓம்."

"இதை முதலே சொல்லியிருக்கலாமே, எழுத்தாளர்."

எழுந்துபோய் இடக்கையால் ஹீற்றரைத் திருப்பினார். பல மாதத் தூசி கருகும் மணம் அறையை நிறைத்தது. அவர் கோட்டைக் கழற்றினார். உள்ளே இருந்த மனிதர் நான் நினைத்ததைவிட மெலிந்தவர்.

பிறகு தவணை வருகிற நாட்களில் என் கூரையில் குதிக்காலால் தட்டுவார். "வரவு வந்திட்டுது, வாரும், தேத்தண்ணி குடிப்பம்."

வங்குரோத்து முடிந்ததும் ரொறன்ரோவில் இருக்கிற மகளோடு வாழப் போய்விட்டார். "அங்கை வீடு முழுக்கச் சூடாம்" என்று கோட்டை என் கையில் தந்தார். இப்போது தொலைபேசியில் பேரப்பிள்ளைகளின் சத்தத்துக்குள் அவர் சொல்வதில் பாதிதான் கேட்கிறது. மற்றப் பாதிக்கும் ஓம் சொல்லிவிடுகிறேன்.

மேல்மாடிக்கு வந்திருப்பவர்கள் மெத்தென்று நடக்கிறார்கள். இன்று என் கணக்கிலும் அந்த வரவு விழுந்திருக்கிறது. நகைச்சுவை எழுதுகிறவனின் வருமானத்தைப் பார்த்து அரசாங்கம் மட்டும் சிரிப்பதில்லை. குதிக்காலால் தட்டிச் சொல்லலாமென்றால் என் தரைக்குக் கீழே சலவை இயந்திரங்கள்தான் இருக்கின்றன. ஹீற்றர் நன்றாகவே வேலை செய்கிறது. ஆனாலும் கோட்டை எடுத்துப் போட்டு, கைகளை முழங்கை வரை மடித்துவிட்டு, சாப்பிட உட்கார்ந்தேன்.