நால்வரும் எண் சொன்னார்கள்

பல்கலைக்கழகப் படகுச் சங்கத்தின் வரலாற்றை எழுதித் தரும்படி விளையாட்டுத் துறையிலிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. மேல்மாடியிலிருந்து கீழ்மாடிக்கு வர அதற்கு நான்கு நாள் ஆயிற்று. நான் அதே கட்டடத்தில்தான் இருக்கிறேன், தேர்வுப் பிரிவில், மறுகூட்டல் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கிக்கொண்டு. பல வருடமாகப் பூட்டிக் கிடந்த சங்கத்தை மறுபடி திறக்கிறார்களாம். புதுப் படகு வருகிறதாம். திறப்பு விழா மலரில் ஆறு பக்கம் எனக்காம். பழைய ஆட்களில் இங்கேயே வேலையில் ஒட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான், அதனால் தப்பிக்க வழியில்லை.

முதல் நான்கு பக்கம் ஒரே மூச்சில் முடிந்தது. பட்டாளத்துக்காரர்கள் வேண்டாமென்று ஒதுக்கிய இரண்டு மரப்படகுகளை வைத்துத்தான் சங்கம் தொடங்கியது. அல்சூர் ஏரிக்கரையில் ஒரு தகரக் கொட்டகை. முதல் வருடம் படகு ஓட்டியவர்களைவிட ஏரியில் விழுந்தவர்கள் அதிகம் என்று சொல்வார்கள். பயிற்சியாளர் ஓய்வுபெற்ற ராணுவக்காரர். இந்தியில் கத்துவார், கன்னடத்தில் திட்டுவார், எந்த மொழியிலும் பாராட்டியதில்லை. பல்கலைக்கழகங்களுக்கிடையே நடந்த போட்டியில் ஒருமுறை மூன்றாமிடம் வந்தோம். மொத்தம் நான்கு படகுகள்தான் கலந்துகொண்டன என்பதை மலரில் எழுதவில்லை.

என்னையும் ஒரு வரி எழுதிக்கொண்டேன். நான் துடுப்புப் போட்டவன் அல்ல. நான்கு பேர் துடுப்புப் போடும் படகில் ஐந்தாவதாக ஒரு குள்ளன் பின்முனையில் உட்கார்ந்து சுக்கானைப் பிடிப்பான். அவனுக்குக் காக்ஸ் என்று பெயர். அப்போது என் எடை நாற்பத்தாறு கிலோ. அந்த ஒரு தகுதிக்காகத்தான் சேர்த்தார்கள். வீடு ஜீவனஹள்ளியில் என்று சொன்னதும், காக்ஸ் டவுன் பக்கத்துப் பையன் காக்ஸ் ஆகாமல் வேறு என்ன ஆவான் என்று சிரித்தார்கள். மூன்று வருடமும் அதே ஜோக். நானும் மூன்று வருடம் சிரித்தேன்.

துடுப்புப் போடுகிறவர்கள் போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்காருவார்கள். படகில் முன்னால் பார்ப்பவன் காக்ஸ் மட்டும்தான். எதிலாவது மோதினால் அது அவன் கணக்கு.

ஐந்தாவது பக்கத்துக்கு வந்ததும் நின்றுவிட்டேன். அந்தப் பக்கத்தில் எண் சொல்லும் வழக்கத்தைப் பற்றி எழுத வேண்டும்.

கரையை விட்டுக் கிளம்பும் முன் காக்ஸ் "நம்பர்!" என்று கூப்பிடுவான். முன்முனையில் இருப்பவனிலிருந்து வரிசையாக ஒவ்வொருவரும் தன் இருக்கையின் எண்ணைச் சொல்ல வேண்டும். நான் தயார் என்று அதற்கு அர்த்தம். படகு கவிழ்ந்தாலும் இதே விதிதான். தண்ணீரில் இருந்தபடியே எண் சொல்ல வேண்டும். எங்கள் படகில் முதல் ஆள் மண்டியாக்காரன், கன்னடத்தில் "ஒந்து" என்பான். நான்காம் ஆள் சிவாஜி நகர்ப் பையன், வீட்டில் பேசுகிற தக்னி உருதுவில் நான்குக்கு "சார்" என்பான். புதிதாக வருகிறவர்கள் அவன் பயிற்சியாளரைக் கூப்பிடுகிறான் என்று நினைத்துத் திரும்பிப் பார்ப்பார்கள். இரண்டும் மூன்றும் தமிழர்கள்.

இரண்டாம் ஆளுக்கு வாய் திக்கும். மற்ற சொற்களைவிட அவனுடைய எண்ணுக்கு அதிகமாகத் திக்கும். அந்த நால்வரில் நல்ல தோள் அவனுக்குத்தான். ஈஜிபுராவிலிருந்து சைக்கிளில் வந்து எல்லோருக்கும் முன்னால் கொட்டகைக் கதவருகே நிற்பான். ஆனால் "நம்பர்" என்று கூப்பிட்டதும் "ரெ... ரெ..." என்று ஆரம்பித்து நிற்கும். படகு காற்றில் பக்கவாட்டில் நகரத் தொடங்கும். கரையிலிருந்து பயிற்சியாளர் கத்துவார். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பேன். அவன் என்னைப் பார்க்கிறானா என்று தெரியாது. என் இடத்திலிருந்து நான்காம் ஆளின் முகம்தான் முழுதாகத் தெரியும். இரண்டாம் ஆள் இரண்டு பேருக்கு அப்பால் இருப்பான், தலையின் ஒரு ஓரம்தான் தெரியும்.

ஒரு வாரம் இப்படிப் போனது. பிறகு ஒருநாள் மூன்றாம் ஆள் "ரெண்டு மூணு" என்று சேர்த்துச் சொல்லிவிட்டான். படகு கிளம்பியது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அடுத்த நாளும் அவனே சொன்னான். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் நண்பனுக்காக "ப்ரெசண்ட் சார்" சொல்கிற வயசு. இது அதைவிட நல்ல காரியம் என்றுதான் நினைத்தோம். இரண்டு வருடம் தினமும் "ஒந்து, ரெண்டு மூணு, சார்" என்றே எங்கள் படகு கிளம்பியது.

விநாயகர் ஊர்வலங்கள் முடிந்த வாரம் அது. கரைத்த சிலையின் மூங்கில் சட்டம் ஒன்று, சிலை கரைக்க ஏரியோரம் ஒதுக்கிய குளத்திலிருந்து எப்படியோ தப்பி ஏரிக்குள் மிதந்து வந்திருந்தது. விடிந்தும் பனி விலகவில்லை. நான் அதைப் பார்க்கவில்லை. ஒரு துடுப்பு அதில் சிக்கியது, படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, அப்படியே கவிழ்ந்தது. இதைப் பலமுறை பலரிடம் சொல்லிவிட்டதால் இப்போது சொல்லும்போது ஒன்றும் தோன்றுவதில்லை.

மேலே வந்ததும் கவிழ்ந்த படகைப் பிடித்துக்கொண்டேன். வாயில் ஏரித் தண்ணீர், பாசி நாற்றம். "நம்பர்!" என்று கத்தினேன். "ஒந்து" என்று இருமலோடு வந்தது. "ரெண்டு மூணு." "சார்." சரியாக இருந்தது.

"ரெண்டு" என்றது மூன்றாம் ஆளின் குரல். எனக்கு அப்போதே தெரியும். அது எப்போதும் அவன் குரல்தான், அதனால் தெரிந்தும் ஒன்றும் உறைக்கவில்லை. பயிற்சியாளரின் மோட்டார் படகு வந்து நின்றது. "சப் டீக்?", எல்லோரும் சரியா என்று இந்தியில் கேட்டார். "நாலு பேரும் ஓகே சார்" என்று கையைத் தூக்கினேன். முதல் ஆள் தண்ணீர் குடித்து மூச்சுத் திணறிக்கொண்டிருந்தான். அவனை மட்டும் ஏற்றிக்கொண்டு கரைக்குப் போனார்கள். எங்களுக்குத்தான் அவசரம் இல்லையே. திரும்பி வந்து படகை நிமிர்த்தியபோது இரண்டாம் ஆள் அதிலேயே இருந்தான். கால் வைக்கும் ஷூக்கள் படகோடு பொருத்தப்பட்டவை. அவன் இடதுகால் வெளியே வரவில்லை.

அன்று மதியம் வீட்டில் மூன்று தோசை சாப்பிட்டேன். அம்மா இன்னொன்று வேண்டுமா என்று கேட்டாள். போடு என்றேன். பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று, இவன் அழவே மாட்டேங்கிறானே என்று அம்மாவிடம் மெல்லச் சொன்னது கேட்டது. அடக்கத்தன்றும் அழவில்லை. ஈஜிபுராவில் அந்தச் சந்து முழுக்கச் செருப்புகள் கிடந்தன. என் செருப்பைத் தேடுவதிலேயே என் கவனம் இருந்தது.

விசாரணை வைத்தார்கள். கேட்டதற்கு நடந்ததைச் சொன்னேன். எண் சொன்னார்களா? சொன்னார்கள். எத்தனை எண்? நான்கு. எந்தக் குரல் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அறிக்கையில் "படகு கவிழ்ந்தபின் நால்வரும் தத்தம் எண்ணைச் சொன்னார்கள்" என்று ஒரு வரி வந்தது. சங்கத்தைப் பூட்டினார்கள். எனக்கு அடுத்த வருடம் இங்கே வேலை கிடைத்தது.

ஐந்தாவது பக்கத்தை எழுதுமுன் இரண்டாம் ஆளின் அம்மாவைப் பார்க்கப் போனேன். படம் ஒன்று கேட்க என்றுதான் போனேன். ஈஜிபுராவில் அதே மாடி வீடு. அவர் ஒரு பள்ளியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர். டீ கொடுத்துவிட்டு பீரோவிலிருந்து அறிக்கையின் நகலை எடுத்து வந்தார். அந்த வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்.

"இத கண்டிப்பா போடுப்பா" என்றார். "சின்ன வயசுலருந்து எத்தன டாக்டர், எத்தன ட்ரெய்னிங். ரேஷன் கடையில அவன் பேரக் கேட்டாக்கூட நடுங்குவான். கடைசில தண்ணிக்குள்ள இருந்து சொல்லிருக்கான் பாரு. திக்காம. இத நெனச்சுத்தான் நான் தூங்கறேன்."

போடுகிறேன் ஆண்டி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து அறிக்கையின் வரியை அப்படியே எழுதினேன். பொய் இல்லை, அறிக்கையில் இருப்பதுதானே. தேர்வுப் பிரிவில் பல வருடம் இருந்தால் இந்த மாதிரி வாக்கியம் கைக்குத் தானாக வரும்.

மரியாதைக்காக மற்ற மூவருக்கும் பக்கங்களை வாட்ஸப்பில் அனுப்பினேன். ஒருவன் கட்டைவிரல் போட்டான். ஒருவன் துபாயிலிருந்து கைகூப்பினான். மூன்றாம் ஆள் போன் செய்தான். பொம்மனஹள்ளியில் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். பின்னால் தையல் மெஷின் சத்தம்.

"அந்த வரிய எடுத்துரு மச்சான்."

"ஏன்?"

"ஏன்னு உனக்குத் தெரியும். ரெண்டுன்னு சொன்னது நான். நான் சொல்லாம இருந்திருந்தா நீ திரும்பக் கூப்பிட்டிருப்ப. மோட்டார் போட்டை அனுப்பிருக்க மாட்ட."

"பழக்கத்துல சொன்னதுதானே."

"அது எனக்குத் தெரியும். இத்தன வருஷம் யாராவது கேப்பாங்கன்னு பார்த்தேன். நீகூட கேக்கல. எழுத்துல வேற பொய்யா வரணுமா? நான் சொன்னேன்னு போடு. என் பேரோட போடு."

அந்த அம்மாவைப் பற்றிச் சொன்னேன். அவர் இந்த வரியை வைத்துக்கொண்டுதான் தூங்குகிறார் என்றேன். மெஷின்கள் மட்டும் ஓடின.

"அப்ப அவங்ககிட்டயே சொல்லிட்டுப் போடுவோம்" என்றான். "ஞாயித்துக்கிழமை வரேன்."

எனக்குப் போக விருப்பமில்லை. இதை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த அம்மா படப்போகும் வேதனையை நினைத்து அல்ல. இத்தனை வருடம் ஒன்றும் உறைக்காமல் இருக்கப் பழகியிருந்தேன், அது கலைந்துவிடும் என்றுதான் பயந்தேன்.

ஞாயிறு காலை நாங்கள் போனபோது அந்த அம்மா சர்ச் முடிந்து வந்திருந்தார். எங்கள் இருவரையும் ஒன்றாகப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. கடையில் வாங்கிய வடையைத் தட்டில் வைத்தார். மூன்றாம் ஆள் தட்டைத் தொடவில்லை. நேராகச் சொல்லிவிட்டான். தினமும் அவனுக்காகத் தானே சொன்னதை, அன்று தண்ணீரிலும் வாய் தானாகச் சொல்லிவிட்டதை, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். கடைசியில் "என்னை மன்னிச்சிருங்க ஆண்டி" என்றான். அதற்குள் அவன் சட்டைக் கழுத்து நனைந்துவிட்டது.

அவர் எழுந்து பீரோவிலிருந்து அறிக்கையை எடுத்து வந்தார். அதை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். அந்த வரி போனதற்காக அழுவார் என்று எதிர்பார்த்தேன். அழவில்லை.

"தினமும் நீ சொல்லுவியா?" என்று அவனிடம் கேட்டார்.

"ஆமா ஆண்டி."

"அவன் சொல்லச் சொன்னானா?"

"இல்ல. பாவமா இருந்துச்சு. நானாத்தான்."

"நான் அவனுக்காக சொல்ல மாட்டேன்" என்றார். "கடைக்காரன் கேட்டாலும் கண்டக்டர் கேட்டாலும் நான் வாயத் தொறக்க மாட்டேன். பின்னால இருக்கறவங்க திட்டுவாங்க. இவங்க என்ன அம்மான்னு கேப்பாங்க. அவன் சொல்லி முடிக்கற வரைக்கும் நிப்பேன். முடிச்சிருவான். எப்பவுமே முடிச்சிருவான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். குரலில் கோபம் இல்லை. விவரம் கேட்கிற மாதிரிதான் கேட்டார்.

"நம்பர் கேக்கறது நீதானப்பா?"

"ஆமா ஆண்டி."

"அவன் சொல்ற வரைக்கும் நிக்கலாம்னு ஒரு நாளாவது உனக்குத் தோணலியா?"

மூன்றாம் ஆள் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். அத்தனை வருடமும் எல்லோரும் மூங்கிலைப் பற்றிக் கேட்டார்கள், பனியைப் பற்றிக் கேட்டார்கள், ஷூவைப் பற்றிக் கேட்டார்கள். எனக்குத் தோன்றியிருந்தது. முதல் வாரமே தோன்றியது. பயிற்சியாளர் கத்துவாரே என்று விட்டுவிட்டேன். இரண்டே இரண்டு நிமிடம் ஆகியிருக்கும்.

"தோணிச்சு ஆண்டி" என்றேன்.

"அப்ப அதை எழுது" என்றார்.

ஐந்தாவது பக்கத்தில் அறிக்கையின் வரி இப்போது இல்லை. மூன்றாம் ஆளின் பெயரையும் போடவில்லை. அவன் கோபித்துக்கொள்ளட்டும். அந்த இடத்தில் இப்படி எழுதியிருக்கிறேன்: எங்கள் படகில் இரண்டாம் இருக்கையில் இருந்தவர் தன் எண்ணைத் தானே சொல்லக்கூடியவர். அதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்க வேண்டியவன் நான், கொடுக்கவில்லை.